போண்டாவோட ராகு

0.08-ன்னு அடிக்க வேண்டிய இடத்துல வெறும் 8-ன்னு அடிச்சு சேவ் பண்ணிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. ராத்திரி ஒன்றரை மணி இருக்கும், கண்ணு சொருகுது, ஆனா நானே செஞ்ச நிலாவுல நானே முதல் ஆளா இறங்கணும்னு ஒரு வெறி. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்னு ராக்கெட் விடுற கம்ப்யூட்டர் கேம், அதுல மாட் (ஆடுறவங்களே செஞ்சு சேர்த்துக்கிற சேர்மானம்) போட்டு வெச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், அது லோடாகி முடிக்கிறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எழுந்துடலாம், நானும் போட்டு எழுந்தேன், ராக்கெட்டை ஏத்தி, அந்த கேமோட பூமியான கெர்பினை ரெண்டு சுத்து சுத்தி போண்டாவைப் பார்த்து எரிச்சு விட்டேன். (போண்டாங்கிறதுதான் அந்த நிலாவோட பேரு, ஏன்னு அப்புறம் சொல்றேன்.) பேப்பர்ல போட்டு வெச்ச கணக்குப்படி பிரேக்கே போடாம போய் முட்டினாக்கூட வேகம் வினாடிக்கு 500 மீட்டருக்குள்ளதான் இருக்கணும். ஆனா கீழ போகப் போக நம்பர் ஆயிரத்தைத் தாண்டுது, ரெண்டாயிரத்தைத் தாண்டுது, நான் இன்ஜினை முழுசா திறந்து விட்டும் கேக்கல, 3,700-ஐத் தாண்டி ஒரு வினாடி நின்ன மாதிரி இருந்தது, அப்புறம் திரையில தூசிதான். உள்ள இருந்தது ஜெப், கேமோட விண்வெளி வீரன். பாவம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ரெண்டு நிமிஷம்கூட ஆகல. தரையில ஈர்ப்பு எவ்வளவுன்னு சொல்ற வரியில 0.08-க்குப் பதிலா 8, அதாவது பூமியில இருக்கிறதை விட எட்டு மடங்கு. இந்த கேம்ல நாம நிறையைச் சொல்ல வேண்டாம், ஆரமும் தரை ஈர்ப்பும் சொன்னாப் போதும், நிறையை அதுவே கணக்குப் பண்ணிக்கும். 90 கிலோமீட்டர் ஆரத்துல ஒரு குட்டி நிலா, அதுக்குள்ள நான் நினைச்சதை விட நூறு மடங்கு நிறையைத் திணிச்சு வெச்சிருக்கேன். நூறு மடங்கு நிறைன்னா விடுபடு வேகம் (அந்த ஈர்ப்புல இருந்து தப்பிக்கத் தேவையான வேகம்) பத்து மடங்கு, வினாடிக்கு 376 மீட்டரா இருக்க வேண்டியது 3,758 ஆயிடுச்சு. உக்காந்து அடர்த்தியையும் போட்டுப் பார்த்தேன், லிட்டருக்கு மூணு டன்னுக்கு மேல வருது. ஒரு காபி டம்ளர்ல போண்டா மண்ணை அள்ளினா அறுநூறு கிலோ. நல்லா சிரிச்சேன், தனியா உக்காந்து சிரிச்சேன்.

சிரிப்பு அடங்கினப்புறம் மூடறதுக்கு முன்னாடி சும்மா மேப்பைத் திறந்தேன். அங்க கெர்பினோட நிலா மன் அது பாட்டுக்கு 12,000 கிலோமீட்டர்ல வட்டமா சுத்திக்கிட்டு இருக்கு. இன்னொரு நிலா மின்மஸ் அது பாட்டுக்கு 47,000 கிலோமீட்டர்ல. நடுவுல, 28,000 கிலோமீட்டர்ல, கெர்பினோட நிறையில 18 சதவீதம் நிறையோட ஒரு ராட்சசனை நான் கொண்டாந்து நிறுத்தியிருக்கேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நம்ம நிலா பூமியோட நிறையில 81-ல ஒரு பங்குதான், அதுக்கே கடல் ஏறி இறங்குது. இங்க ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு. பாதையில ஒரு மில்லிமீட்டர் கோணல்கூட இல்ல.

அன்னைக்கு 8-ஐ 0.08-ஆ மாத்திட்டுத் தூங்கிட்டேன். ஆனா அந்த மேப் மட்டும் மனசுல ஒட்டிக்கிச்சு. ஆபீஸ்ல மீட்டிங் நடுவுல, பஸ்ல, பல் தேய்க்கும்போது. எதுக்கு இப்படி உறுத்துதுன்னு எனக்கே புரியல, இந்த கேம்ல ஒரு நேரத்துல ஒரு பொருளோட ஈர்ப்புதான் வேலை செய்யும், கிரகங்கள் எல்லாம் தண்டவாளத்துல ஓடுற மாதிரி போட்ட பாதையில ஓடும்னு எனக்கு நல்லாவே தெரியும், ஆடுறவங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்ச விஷயம்தான். இருந்தாலும்.

போண்டா பொறந்த கதை

மாட் பண்றவங்க ஃபைலைத் திறந்து பார்த்தா அதிசயம் ஒண்ணும் இருக்காது. கோபர்நிகஸ்னு ஒரு மாட் இருக்கு, அதுதான் மத்த எல்லா கிரக மாட்டுக்கும் அடிமனை. ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல பேரு, எந்த கிரகத்தை அச்சாக வெச்சு செய்யணும், ஆரம், ஈர்ப்பு, யாரைச் சுத்தணும், எவ்வளவு தூரத்துல, எவ்வளவு சாய்வு, இப்படி வரிசையா எழுதிட்டா போதும். மன்னை அச்சா வெச்சு பத்துப் பதினஞ்சு வரி எழுதினா அடுத்த தடவ கேம் திறக்கும்போது மன்னோட ஜாடையில ஒரு தம்பி வானத்துல நிப்பான். (மன்னைன்னு எழுதும்போதெல்லாம் மன்னார்குடிதான் ஞாபகம் வருது, எங்க பக்கத்து ஆளுங்க மன்னிக்கணும்.) 2011 ஜூன்ல இந்த கேம் முதல்ல வெளிய வந்தப்போ அதுல நிலாவே கிடையாது, கெர்பினும் சூரியனும் மட்டும்தான், மன்னும் மின்மஸும் மத்த கிரகங்களும் எல்லாம் அப்புறமா ஒவ்வொண்ணா வந்து சேர்ந்ததுதான். ஒருவகையில அங்க எல்லாருமே பின்னாடி குடிவந்தவங்க.

கஷ்டம் எல்லாம் தரையைச் செய்யிறதுலதான். கறுப்பு வெள்ளைப் படம் ஒண்ணு வரையணும், கறுப்பு பள்ளம், வெள்ளை மேடு, அதிகபட்ச உயரம் எத்தனை மீட்டர்னு ஒரு நம்பர். நான் கிம்ப்ங்கிற படம் வரையிற சாஃப்ட்வேர்ல உக்காந்து ரெண்டு வாரம் வரைஞ்சேன், மலை, பள்ளத்தாக்கு, விண்கல் விழுந்த குழி எல்லாம், உயரம் 6,000 மீட்டர்னு போட்டேன். போய் இறங்கிப் பார்த்தா மலை எல்லாம் படிக்கட்டு. அசல் கோயில் குளத்துப் படிக்கட்டு, எண்ணிப் பார்க்கலாம் போல, மகாமகக் குளத்துல தண்ணி வத்தினா எப்படி இருக்கும், அப்படி. விஷயம் என்னன்னா 8 பிட் படத்துல கறுப்புல இருந்து வெள்ளைக்கு மொத்தம் 256 நிறம்தான், ஆறாயிரம் மீட்டரை அதுல பங்கு போட்டா ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவுல இருபத்துமூணு இருபத்துநாலு மீட்டர், அதனால சரிவே கிடையாது, படிதான். படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி, உயரத்தைப் பாதியாக் குறைச்சு, மேல தனியா நாய்ஸ், அதாவது தாறுமாறான மேடு பள்ளம், தூவி மறைச்சேன். அந்த நாய்ஸ் கொஞ்சம் கை மீறிப் போய் நிலா முழுக்க அங்கங்க பொங்கி, ஓரமெல்லாம் முடிச்சு முடிச்சா, எண்ணெயில போட்டு எடுத்த மாதிரி ஆயிடுச்சு. பழுப்பு நிறம் வேற. பேரு அப்படி வந்ததுதான், அதுவரைக்கும் ரொம்ப கம்பீரமா வேற ஒரு பேரு யோசிச்சு வெச்சிருந்தேன், அதைச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு கூத்தும் நடந்தது. தரையை மாத்தினப்புறமும் தூரத்துல இருந்து பார்த்தா பழைய போண்டாதான் தெரியும், கிட்டப் போனா புதுசு. மேல இருந்து மலைன்னு பார்த்து வெச்சிருந்த இடத்துல இறங்கினா அங்க பள்ளம். ஏன்னா தூரத்துல காட்டுறதுக்குன்னு அது ஒரு சின்ன உருவத்தை முன்னாடியே செஞ்சு தனி ஃபைலா வெச்சுக்குது, அதை நாமதான் அழிக்கணும், அழிச்சா அடுத்த தடவ புதுசா செஞ்சுக்கும். எனக்கு இது தெரிய நாலு நாள் ஆச்சு. நாலு நாளும் என் கணக்குலதான் தப்புன்னு நினைச்சு அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைத் தலைகீழா எல்லாம் திருப்பிப் பார்த்துட்டேன்.

இவ்வளவு பாடுபட்டதெல்லாம் தோலுக்குத்தான். அந்தப் பொருள் அங்க இருக்குங்கிறதுக்கு ஒரு பாடும் படல. எவ்வளவு கனமா வேணா போடு, எங்க வேணா போடு, யாரும் நகர்ந்து இடம் விட வேண்டாம். புதுசா ஒருத்தர் வீட்டுக்குள்ள வந்தா வீட்டுல இருக்கிறவங்க கொஞ்சமாவது நகர்ந்து உக்காரணும் இல்லையா, இது வீடே இல்ல, லாட்ஜ். பக்கத்து ரூம்ல யானையைக் கொண்டாந்து கட்டினாலும் இந்த ரூம்ல சத்தம் கேக்காது.

ஞாயித்துக்கிழமை நாலரை டு ஆறு

பெரியப்பா கும்பகோணத்துல தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். கண்ணுக்குக் காட்டணும்னு மெட்ராஸ் வந்தவர் எங்க வீட்டுல நாலு நாள் தங்கினார், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்புற பிளான். பையெல்லாம் கட்டி வெச்சாச்சு, மணி நாலு இருபத்தஞ்சு, ஆட்டோ புக் பண்ணவா பெரியப்பான்னு கேட்டா, "டேய், ராகுகாலம் ஆரம்பிக்கப் போவுது, ஆறு மணிக்கு மேல போட்டுக்கலாம்"னுட்டு வந்து என் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டார். நான் அப்போ மேப்பைத் திறந்து வெச்சிருந்தேன். ஒன்றரை மணி நேரம் அவருக்கும் வேற வேலை இல்ல.

"என்னடா இது, ஜாதகக் கட்டை வட்டமா போட்ட மாதிரி இருக்கு?"

கேம்னு சொன்னா போயிடுவார்னு நினைச்சு, சும்மா, கிரகங்கள் சுத்துறதைப் பார்க்கிறேன் பெரியப்பான்னேன். அது போதுமானதா இருந்தது அவருக்கு. இது பூமி மாதிரி ஒண்ணு, இது அதோட நிலா, இது நான் சேர்த்த நிலான்னு காட்டினேன். நீயா சேர்த்தியான்னு கேட்டார், ஆமான்னேன், தலையை ஆட்டிக்கிட்டார், அதுல ஆச்சரியம் ஒண்ணும் அவருக்குத் தெரிஞ்ச மாதிரி இல்ல. அப்புறம் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு போண்டாவோட பாதையில விரலை வெச்சார். நான் அதுக்கு 9 டிகிரி சாய்வு குடுத்திருந்தேன், அதனால மன்னோட பாதைத் தளத்தை ரெண்டு இடத்துல வெட்டும், ஒரு பக்கம் மேல ஏறும், எதிர்ப் பக்கம் கீழ இறங்கும், ரெண்டு இடத்துலயும் கேம் ஒரு சின்ன அடையாளம் போட்டுக் காட்டும்.

"இது ரெண்டும் என்ன?"

"இது ஏறுற இடம் பெரியப்பா, அசெண்டிங் நோடும்பாங்க. இது இறங்குற இடம்."

"அட, அதான்டா ராகு. இது கேது."

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடல. ராகு கேது நிழல் கிரகம்னு படிச்சிருக்கேன், சந்திரன் பாதையும் சூரியன் பாதையும் வெட்டுற புள்ளிகள்னுகூட எங்கயோ படிச்சிருக்கேன், திருநாகேஸ்வரத்துக்கும் கீழப்பெரும்பள்ளத்துக்கும் சின்ன வயசுல இவர்தான் கூட்டிட்டுப் போயிருக்கார், ஆனா நான் ரெண்டு மாசமா தினம் திறந்து மூடுற ஃபைல்ல 64-ன்னு என் கையாலயே எழுதி வெச்சிருக்கிற ஒரு வரிதான் ராகுன்னு தோணவே இல்ல. லாங்கிட்யூட் ஆஃப் அசெண்டிங் நோட் சமம் 64. ராகு 64-ல நிக்கிறார். அவர் தினம் பஞ்சாங்கத்துல பார்க்கிறதும் இதேதான், அங்க டிகிரியை ராசியாப் பிரிச்சு எழுதியிருப்பாங்க, அவ்வளவுதான்.

அவர் விடல. கிரகணம் வருமான்னு கேட்டார். போண்டா ரொம்பச் சின்னது, சூரியன் மேல ஒரு பொட்டு மாதிரி நகர்ந்து போகும், அவ்வளவுதான்னேன். மன்னுக்கு? மன்னுக்குச் சாய்வே கிடையாது பெரியப்பா, கெர்பினும் நிமிர்ந்து நிக்குது, அதனால ஒவ்வொரு அமாவாசைக்கும் கிரகணம்தான். கணக்குப் போட்டுச் சொன்னேன், ஆறரை கெர்பின் நாளுக்கு ஒரு அமாவாசை, அவங்க வருஷத்துக்கு 65 சூரிய கிரகணம். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சார். "சோறு பொங்கவே முடியாதேடா"ன்னார். 2019 டிசம்பர் 26 காலையில திண்டுக்கல், கோயமுத்தூர் பக்கமெல்லாம் கங்கண கிரகணம் தெரிஞ்சதே, அன்னைக்கு இவர் ராத்திரியில இருந்தே பட்டினி, தனுசுல கேதுவோட சூரியன் இருக்குன்னு போன்ல எனக்கு விளக்கிக்கிட்டு இருந்தார், நான் ஸ்பீக்கர்ல போட்டுட்டு இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். அவர் சொன்னது சரிதான், அந்தக் கிரகணம் நிலா கீழ இறங்குற புள்ளிக்குப் பக்கத்துல நடந்தது.

அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சரி, உன் ராகு எவ்ளோ நாளைக்கு ஒரு ராசி போறார்?"

எனக்குப் புரியல. அவர் பொறுமையா சொன்னார், எல்லா கிரகமும் முன்னாடி போகும், ராகுவும் கேதுவும் மட்டும் பின்னாடியே போவாங்க, கோயிலை அப்பிரதட்சணமா சுத்துற மாதிரி, ஒன்றரை வருஷத்துக்கு ஒரு ராசி, பன்னிரண்டு ராசியையும் சுத்தி வர பதினெட்டு வருஷம் சொச்சம். அது எனக்கும் தெரிஞ்ச நம்பர்தான், 18.6 வருஷம், வேற பாஷையில. உன்னோடது எவ்வளவு வேகமா போவுது, காட்டு. நான் டைம் வார்ப்பை முழுசா, ஒரு லட்சம் மடங்குக்கு வெச்சேன். கெர்பின் வருஷம் ஓடுது, ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, இருபது. ரெண்டு பேரும் திரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம். போண்டா சுத்துது, மன் சுத்துது, அந்த ரெண்டு அடையாளமும் ஆணி அடிச்ச மாதிரி அங்கயே நிக்குது. 64. இருபது வருஷம் கழிச்சும் 64.

"நகரலயே."

"நகராது பெரியப்பா. இதுல அப்படித்தான்."

"அப்ப இது சன்னதியில நிக்கிற ராகுடா. வானத்துல இருக்கிறவர் இல்ல." ஏதோ என்னைச் சமாதானப்படுத்துற மாதிரி தோள்ல தட்டிட்டு மணியைப் பார்த்தார். ஆறாக இன்னும் கால் மணி இருந்தது. காபி கேட்டார்.

காபி போடும்போதுதான் ரெண்டும் ஒண்ணுன்னு உறைச்சது. நம்ம ராகு ஏன் நகர்றார்? நிலாவைப் பூமி மட்டும் இழுத்தா அந்த வெட்டுப் புள்ளி ஏறக்குறைய அசையாமதான் இருக்கணும். சூரியனும் சேர்ந்து இழுக்குது, சாய்ஞ்சு போற பாதையைத் தன்னோட தளத்துக்கு மடக்கப் பார்க்குது, நிலா சுத்திக்கிட்டே இருக்கிறதால பாதை மடங்காம, தள்ளாடுற பம்பரம் மாதிரி திரும்புது, அதுலதான் வெட்டுப் புள்ளி பின்னாடியே போகுது. ராகு நகர்றார்னா சூரியன் நிலாவைத் தொட்டுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். பதினெட்டு வருஷம் சொச்சத்துக்கு ஒரு சுத்துன்னு கிரகணத்தை எல்லாம் எழுதி வெச்சு எழுதி வெச்சு நம்ம ஆளுங்க கண்டுபிடிச்ச அந்த எண்ணுல மூணாவது ஆளோட கை இருக்கு. ஆரியபட்டர் 499-லயே கிரகணம் பாம்பால வர்றதில்ல, நிழலால வர்றதுன்னு எழுதிட்டார், அப்புறமும் கணக்குல ராகு இருந்தார், ஏன்னா அந்தப் புள்ளி இல்லாம கிரகணத்தைச் சொல்ல முடியாது. என் போண்டாவோட ராகு நகரலைன்னா அங்க சூரியன் போண்டாவைத் தொடவே இல்ல, அவ்வளவுதான். மன்னும் தொடல. எட்டு மடங்கு ஈர்ப்போட போண்டா நின்னப்போ மன் அசையாததும் இதே கதைதான்.

காபியைக் குடுத்து, ஆறு பத்துக்கு ஆட்டோ ஏத்தி அனுப்பிட்டு வந்து உக்காந்தேன்.

இழுக்கிறவங்க

வானத்துல புதுசா ஒண்ணைச் சேர்க்கிறதுன்னா என்னன்னு யோசிக்கும்போது எனக்கு லெவெரியேதான் ஞாபகத்துக்கு வருவார், பிரெஞ்சுக்காரர், அவர் பண்ணினதும் ஒருவகையில மாட் தான். 1781-ல ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டுபிடிச்சப்புறம் அது போட்ட கணக்குப்படி போகல, எங்கயோ ஏதோ இழுக்குது. லெவெரியே பேப்பர்ல ஒரு கிரகத்தை எழுதினார், இவ்வளவு தூரம், இவ்வளவு நிறை, இன்ன இடம்னு, என் ஃபைல்ல இருக்கிற அதே வரிகள்தான் கிட்டத்தட்ட. பெர்லின் ஆய்வகத்துல இருந்த காலேவுக்குக் கடிதம் எழுதினார், கடிதம் போய்ச் சேர்ந்த ராத்திரியே, 1846 செப்டம்பர் 23, சொன்ன இடத்துல இருந்து ஒரு டிகிரிக்குள்ள நெப்டியூன் கிடைச்சது. அதே மனுஷன் 1859-ல புதனோட பாதையில ஒரு கோணல் இருக்கேன்னு, நூறு வருஷத்துக்குச் சில பத்து ஆர்க் செகண்ட்தான் (ஒரு டிகிரியில 3,600-ல ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட்), அதுக்கும் ஒரு கிரகத்தை எழுதினார், சூரியனுக்குப் பக்கத்துல, வல்கன்னு பேர்கூட வெச்சாச்சு. பல வருஷம் தேடினாங்க. அப்படி ஒண்ணு இல்லவே இல்ல, 1915-ல ஐன்ஸ்டீன் வந்து ஈர்ப்பைப் பத்தின கணக்கையே மாத்தினப்போ அந்த 43 செகண்டும் தானா வந்துடுச்சு. முதல் தடவை அவர் சேர்த்த வரி சரி, ரெண்டாவது தடவை கேம் இன்ஜின்லயே பிரச்சினை. எனக்கு அவர் மேல ஒரு பொறாமை என்னன்னா, அவர் எழுதினது தப்பா இருந்தா தப்புன்னு சொல்ல யுரேனஸும் புதனும் இருந்தது. நான் எழுதினதைத் தப்புன்னு சொல்ல ஒருத்தரும் இல்ல, மன் சிரிச்சுக்கிட்டே சுத்துது.

கேமைக் குத்தம் சொல்றேன்னு நினைக்க வேண்டாம். எல்லாரும் எல்லாரையும் இழுத்தா ஒரு லட்சம் மடங்கு வேகத்துல காலத்தை ஓட்ட முடியாது, சாதா லேப்டாப் செத்துடும், முக்கியமா மாட் பண்றதே கஷ்டமாயிடும், ஒரு நிலாவை எழுதினா மத்த நிலாவெல்லாம் எங்க போய் விழும்னு கணக்குப் போட்டுட்டுத்தான் எழுதணும். யாரும் யாரையும் தொடாததாலதான் என்னை மாதிரி ஆளு தனியா உக்காந்து ஒரு நிலா செய்ய முடியுது. நிஜமாவே எல்லாரும் இழுக்கிற மாதிரி கணக்குப் போடுற மாட் ஏற்கனவே இருக்கு, பிரின்சிபியான்னு பேரு, அதுல ஜூல்ங்கிற கேம் கிரகத்தோட நிலாக்களை இருக்கிறபடியே விட்டா கூட்டம் கலைஞ்சு போயிடும்னு, செஞ்சவங்க அதுங்களோட பாதையைக் கொஞ்சம் மாத்தி வெச்சிருக்காங்க. அதைக் கேள்விப்பட்டப்போ முன்னாடி சிரிப்பா இருந்தது, இப்போ இல்ல.

நான் அதைப் போடல, என் லேப்டாப் ஏற்கனவே இட்லிச் சட்டி மாதிரி கொதிக்குது. பைத்தான்ல தனியா ஒரு புரோகிராம் எழுதினேன், நூறு வரிகூட வராது, சூரியன், கெர்பின், மன், போண்டா, மின்மஸ், அஞ்சு பேர், ஒவ்வொருத்தரும் மத்த நாலு பேரையும் இழுக்கணும். முதல்ல ரொம்ப சாதாரண முறையில எழுதினேன், இப்போ இருக்கிற இடத்துல ஈர்ப்பைப் பாரு, இப்போ இருக்கிற வேகத்துல ஒரு அடி முன்னாடி போ, அந்தப் பழைய ஈர்ப்பை வெச்சே வேகத்தை மாத்து, மறுபடி. போண்டா 0.08-ல இருக்கும்போதே மன் கொஞ்சம் கொஞ்சமா வெளிய போய்க்கிட்டே இருந்தது. ஐயோ, என் நிலா எல்லாத்தையும் கெடுக்குதேன்னு ஒரு ராத்திரி முழுக்க கவலை, கடைசியில போண்டாவையே எடுத்துட்டு ஓட்டினாலும் மன் வெளிய போகுது. என் கணக்கு முறைதான் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் ஆற்றலைச் சும்மா சேர்த்துக்கிட்டு இருந்திருக்கு. லீப்ஃப்ராக்னு ஒரு முறை, இடத்தையும் வேகத்தையும் அரை அடி மாத்தி மாத்தித் தாண்டுறது, வரியில பெருசா வித்தியாசம்கூட இல்ல, அதை வெச்சதும் மன் அடங்கி ஒழுங்கா நின்னுச்சு.

அப்புறம் 0.08-ஐ 8-ஆ மாத்தி ஓட்டினேன். இதுக்காகத்தானே இவ்வளவும். முதல்ல கெர்பினே ஆட ஆரம்பிச்சது, ஏன்னா இவ்வளவு நிறைக்கு ரெண்டுக்கும் பொதுவான மையம் கெர்பினோட நடுவுல இருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல வெளிய போயிடுது, கெர்பினோட ஆரமே 600-தான், அதனால கெர்பினும் போண்டாவும் கை கோத்துக்கிட்டு சுத்துற மாதிரி. மன்னோட வட்டம் சப்பி, நீண்டு, ஒவ்வொரு சுத்தும் ஒரு திசையில கோணி, பூ மாதிரி கிறுக்கிக்கிட்டே போய் கெர்பின்ல விழுந்துச்சு. ஆரம்பக் கோணத்தை ரெண்டு டிகிரி மாத்தி ஓட்டினா விழல, வெளிய தூக்கி எறிஞ்சிடுச்சு. மின்மஸ் ரெண்டு தடவையும் தப்பல. திரையில வெறும் புள்ளிங்கதான், சத்தம் இல்ல, வெடிக்கல, ஆனா நெஞ்சு அடிச்சுக்கிச்சு எனக்கு. ஒரு சைபரும் புள்ளியும் விட்டதுக்கு இதுதான் நடந்திருக்கணும்.

0.08-ல திருப்பி வெச்சு அம்பது கெர்பின் வருஷம் ஓட விட்டேன். யாரும் விழல. மன் லேசா நெளியுது, மின்மஸ் லேசா நெளியுது, எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து உக்காந்து இடம் குடுத்துட்டாங்க. போண்டாவோட வெட்டுப் புள்ளியை மட்டும் தனியா எடுத்து வரைஞ்சேன். கோடு கீழ இறங்குது, பின்னாடியே, சின்னச் சின்ன ஆட்டத்தோட, ஒரு முழுச் சுத்துக்குப் பத்து கெர்பின் வருஷத்துக்குப் பக்கத்துல. சூரியனை எடுத்துட்டு ஓட்டினா மெதுவாகுது, மன்னை எடுத்துட்டு ஓட்டினாலும் மெதுவாகுது, ரெண்டு பேரும் சேர்ந்துதான் தள்றாங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பெரியப்பாவுக்கு வாட்ஸாப்ல அனுப்பினேன். அரை மணி கழிச்சு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது, பின்னணியில பஸ் ஸ்டாண்டு சத்தம், "பத்து வருஷம்னா ஒரு ராசிக்குப் பத்து மாசம். நம்மாளை விட வேகமா போறாரே, யார் அவர் பின்னாடி துரத்துறா?"

கேம்ல இதைக் கொண்டுவர வழி இல்ல, தண்டவாளம் தண்டவாளம்தான். அதனால கையாலயே தள்றேன். கெர்பின் கணக்குல ஒரு வருஷம் முடிஞ்சதும் கேமை மூடி, ஃபைலைத் திறந்து, அந்த ஒரு வரியில 36 டிகிரி கழிச்சு, சேவ் பண்ணி, திரும்ப லோடாக விட்டுட்டு டீ குடிக்கப் போவேன். முதல்ல 64 இருந்தது, அப்புறம் 28, போன வாரம் 352. பெயர்ச்சின்னு பேரு வெச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் சேவ் பண்றதுக்கு முன்னாடி மேல இருக்கிற ஈர்ப்பு வரியையும் ஒரு தடவை பார்த்துக்குவேன், சைபர், புள்ளி, சைபர், எட்டு. பெரியப்பா வாராவாரம் போன்ல கேக்கிறார், உன் ராகுவைத் தள்ளிட்டியாடான்னு. போன ஞாயித்துக்கிழமை தள்ளப் போறேன்னேன், மணி நாலே முக்கால். ஆறு மணி வரைக்கும் இருடான்னார். இருந்தேன்.